வேறொரு சாஃப்ட்வேரின் தேதிப் பெட்டியை ஸ்கிரிப்ட் வைத்து மாற்றுவது எப்படி?

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் லாட்ஜ்கள் நெருக்கியடித்து நிற்கும். எதிரே சிஎம்சி. வங்காளம், அஸ்ஸாம், ஜார்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்தவர்கள் பத்து நாள், ஒரு மாதம் என்று தங்குவார்கள். அப்படி ஒரு லாட்ஜில் கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். நேற்று யார் வந்தார்கள், யார் காலி செய்தார்கள், அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தினமும் காலையில் 9 ரிப்போர்ட் எடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ‘இந்தத் தேதியிலிருந்து’, ‘இந்தத் தேதிவரை’ என்று இரண்டு தேதிப் பெட்டிகள். ஆக 18 பெட்டிகளிலும் கையால் தேதி மாற்ற வேண்டும்.

“ரிப்போர்ட் எடுக்கறது அஞ்சு நிமிஷம் தம்பி. இந்தத் தேதி மாத்தறதுதான் உயிரை வாங்குது” என்றார் ஒருநாள்.

அவர்கள் சாஃப்ட்வேர் பழையது. எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. உள்ளே கை வைக்க வழியில்லாததால் வெளியிலிருந்துதான் ஓட்ட வேண்டும். அதற்கென்றே ஆட்டோஇட், ஆட்டோஹாட்கீ என்று இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. முதலாவது 1999இல் வந்தது, இரண்டாவது 2003இல். நான் ஆட்டோஹாட்கீயை எடுத்துக்கொண்டேன். மெனுவைத் திறப்பது, பட்டனை அழுத்துவது, ரூம் நம்பரை நிரப்புவது எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. தேதிப் பெட்டி மட்டும் அசையவே இல்லை. இரண்டு மாலைகள் அதிலேயே போயின. அந்த இரண்டு மாலைகளில் எனக்குப் புரிந்ததை, இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் இன்னொருவருக்காக இங்கே எழுதுகிறேன். ஸ்கிரிப்ட் கொஞ்சம் எழுதிப் பார்த்தவராக இருந்தால் போதும், விண்டோஸின் உள்விவரம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அது எழுத்துப் பெட்டி இல்லை

விண்டோஸில் நாம் ‘ஒரு விண்டோ’ என்று பார்ப்பது உண்மையில் பல விண்டோக்களின் குடும்பம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பட்டனும், ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் குட்டி விண்டோ. இவற்றைக் கண்ட்ரோல் என்கிறோம். ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் ஹேண்டில் என்று ஓர் அடையாள எண் உண்டு, அது என்ன வகை என்று சொல்லும் கிளாஸ் பெயரும் உண்டு. ஆட்டோஹாட்கீயோடு வரும் விண்டோ ஸ்பை என்ற சின்னக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, மவுஸைத் தேதிப் பெட்டியின் மேல் கொண்டுபோனால் அந்தப் பெயர் தெரியும். ‘சிஸ்டேட்டைம்பிக்32’ என்றோ, அந்தச் சொல்லை நடுவில் வைத்த நீளமான பெயரோ தெரிந்தால் அது விண்டோஸின் சொந்தத் தேதிக் கண்ட்ரோல். முழு மாதமும் கட்டம் கட்டமாக எப்போதும் விரிந்தே இருந்தால் ‘சிஸ்மன்த்கேல்32’ என்று இருக்கும். இரண்டும் 1996 வாக்கில் விண்டோஸுக்கு வந்தவை. டெல்ஃபி என்ற புரோகிராமிங் கருவியில் எழுதிய சாஃப்ட்வேரில் பெயர் வேறாகத் தெரியும், ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பது இதே கண்ட்ரோல்தான்.

புதிதாக வருபவர் முதலில் செய்வது, நான் செய்ததும் அதைத்தான்: ‘இந்தப் பெட்டியின் எழுத்தை 14-03-2024 என்று மாற்று’ என்று ஸ்கிரிப்டில் எழுதுவது. பெயர் நிரப்பும் பெட்டியில் இது அழகாக வேலை செய்யும். தேதிப் பெட்டியில் ஒன்றும் நடக்காது. பிழை என்றுகூடச் சொல்லாது.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் தாளில் பேனாவால் வேறொரு எண்ணை எழுதினால் தேதி மாறிவிடுமா? தாளைக் கிழித்தால்தான் மாறும். தேதிக் கண்ட்ரோலும் அப்படித்தான். அது எழுத்தை வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாளை வைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எழுத்து, அந்த நாளைப் பார்த்து அது ஒவ்வொரு தடவையும் வரைந்து காட்டுவது. எழுத்தை மாற்றச் சொன்னால் அதற்கு என்ன செய்வதென்றே தெரியாது. நாளைத்தான் கொடுக்க வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால் மிச்சம் எல்லாம் ‘எப்படிக் கொடுப்பது’ என்பது மட்டுமே.

கீபோர்டு வழி

எளிய வழி, நாம் கையால் தட்டுவதை ஸ்கிரிப்டைத் தட்ட வைப்பது. பெட்டிக்கு ஃபோகஸ் கொடுத்து, நாள், வலது அம்பு, மாதம், வலது அம்பு, ஆண்டு என்று கீகளை அனுப்பலாம். பல பேருக்கு இதுவே போதும். இரண்டு பெட்டி, ஒரு கம்ப்யூட்டர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. பெட்டியில் இப்போது 15-04 இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது 31-03 என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட் முதலில் நாள் பகுதியில் 31 என்று தட்டுகிறது. ஏப்ரலுக்கு 31 கிடையாது, ஆகவே கண்ட்ரோல் ஏற்றுக்கொள்ளாது. அடுத்து மாதத்தை 03 ஆக்குகிறது, அது நடந்துவிடும். கடைசியில் பெட்டியில் நிற்பது 31-03 அல்ல. சாதாரண நாட்களில் ஒழுங்காக ஓடி, மாதக் கடைசியில் மட்டும் காலை வாரும் ஸ்கிரிப்ட் இப்படித்தான் உருவாகிறது. மாதக் கடைசியில்தான் கணக்கே முக்கியம் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சரி செய்ய, முதலில் நாளை 1 ஆக்குங்கள், பிறகு ஆண்டு, பிறகு மாதம், கடைசியாக உண்மையான நாள். இந்த வரிசையில் போனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்கும் போகலாம்.

இன்னொன்று, பெட்டி எந்த வரிசையில் தேதியைக் காட்டுகிறது என்பது அந்தக் கம்ப்யூட்டரின் ரீஜன் அமைப்பைப் பொறுத்தது. அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில் வரும். இங்கே 04-03 என்றால் மார்ச் 4, அங்கே ஏப்ரல் 3. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் சரியாக ஓடிய ஸ்கிரிப்டை மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் போட்டதும் மாதமும் நாளும் இடம் மாறினால், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் டிக் போடும் சிறு கட்டம் இருந்தால் முதல் இடம் அதற்குப் போய்விடும், கீகளின் கணக்கு ஒன்று தள்ளும்.

மெசேஜ் வழி

விண்டோஸில் கண்ட்ரோல்களோடு பேசும் மொழி மெசேஜ். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் எண். தேதிக் கண்ட்ரோலிடம் ‘இந்த நாளை வைத்துக்கொள்’ என்று சொல்லும் மெசேஜின் எண் 4098. ‘நீ வைத்திருக்கும் நாள் என்ன?’ என்று கேட்பதற்கு 4097. விரிந்த மாதக் காலண்டர் கண்ட்ரோலுக்கும் இதே எண்கள்தான், அதனால் ஒன்றுக்கு எழுதியது மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும். ஒரே நேரத்தில் பல நாட்களைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் மாதக் காலண்டர் மட்டும் விதிவிலக்கு, அதற்கு வேறு மெசேஜ்.

நாளை எந்த வடிவில் கொடுப்பது? சிஸ்டம்டைம் என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. 8 எண்கள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட், மொத்தம் 16 பைட். வரிசை இது: ஆண்டு, மாதம், கிழமை, நாள், மணி, நிமிடம், விநாடி, மில்லிவிநாடி. கிழமை மூன்றாவது இடத்தில், மாதத்துக்கும் நாளுக்கும் நடுவில் வருவதைக் கவனியுங்கள். மாதத்துக்கு அடுத்தது நாள் என்று பழக்க தோஷத்தில் எழுதிவிட்டால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

நம் ஊர்த் தேதி ஒன்றையே எழுதிப் பார்ப்போம். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது 1806 ஜூலை 10, வியாழக்கிழமை. எட்டு எண்களாக எழுதினால்: 1806, 7, 4, 10, 0, 0, 0, 0. ஞாயிறு 0 என்று தொடங்குவதால் வியாழன் 4. மெமரியில் இது பைட் பைட்டாக எப்படி உட்காரும்? 1806ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 14. சிறிய பைட் முதலில் வரும் என்பதால் 14, 7. அப்புறம் மாதம் 7, 0. கிழமை 4, 0. நாள் 10, 0. மிச்சம் எட்டு பைட்டும் பூஜ்யம். இந்தப் பதினாறு பைட்தான் கண்ட்ரோலுக்குப் புரியும் ‘1806 ஜூலை 10’. ஒரு தடவை கையால் இப்படிப் போட்டுப் பார்த்துவிட்டால், பிறகு எண்ணை மெமரியில் எழுதும் ஆட்டோஹாட்கீயின் நம்புட் என்ற ஃபங்ஷன் என்ன செய்கிறது என்பது தானாக விளங்கும்.

அந்தக் கோட்டை கட்டப்பட்டது 16ஆம் நூற்றாண்டில். அந்தக் காலத்துத் தேதி எதையும் இந்தப் பெட்டியில் போட முடியாது. இங்கிலாந்து கிரிகோரியன் காலண்டருக்கு மாறிய 1752 செப்டம்பர் 14க்கு முந்தைய நாட்களை இந்தக் கண்ட்ரோல் ஏற்பதில்லை. லாட்ஜ் கணக்குக்கு இது தேவைப்படாது. ஆனாலும் ஒரு தேதிப் பெட்டிக்குள் இவ்வளவு சரித்திரம் இருப்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆட்டோஹாட்கீயில் கிழமையைக் கேட்டால் ஞாயிறுக்கு 1 என்று சொல்லும், சிஸ்டம்டைமில் ஞாயிறு 0. ஆகவே ஒன்றைக் கழித்துப் போடுங்கள்.

எந்த ஊர் காந்தி ரோடு?

இப்போதுதான் சங்கதியின் நடு மையத்துக்கு வருகிறோம். மெசேஜில் 16 பைட்டை அப்படியே வைத்து அனுப்ப முடியாது. அந்தப் பதினாறு பைட் மெமரியில் எங்கே இருக்கிறது என்ற முகவரியைத்தான் அனுப்ப முடியும். நான் என் ஸ்கிரிப்டுக்குள் பதினாறு பைட்டை ஒழுங்காக நிரப்பி, அதன் முகவரியை 4098உடன் அனுப்பினேன். லாட்ஜ் சாஃப்ட்வேர் அப்படியே மூடிக்கொண்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

காரணம் இது. விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி மெமரி உலகத்தைக் கொடுக்கிறது. ஒன்றின் முகவரி இன்னொன்றில் செல்லாது. வேலூரில் இருக்கும் நான், ஆரணியில் இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டு “காந்தி ரோடு 24ஆம் நம்பரில் ஒரு கவர் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறேன். அவர் போய்த் தேடுவது அவர் ஊர் காந்தி ரோட்டில். அங்கே 24ஆம் நம்பரில் வேறு யாரோ இருப்பார்கள், இல்லாவிட்டால் காலி மனை இருக்கும். முகவரி சரி, ஊர்தான் வேறு. என் ஸ்கிரிப்ட் கொடுத்த முகவரியை லாட்ஜ் சாஃப்ட்வேர் தன் உலகத்தில் தேடியது. அங்கே காலி மனை. அதனால்தான் விழுந்தது.

‘அப்படியானால் பெயர் நிரப்பும் பெட்டிக்கு எழுத்து அனுப்பினேனே, அது மட்டும் எப்படி வேலை செய்தது?’ என்ற கேள்வி வர வேண்டும். எனக்கு வந்தது, அதற்குப் பதில் கிடைத்தபோதுதான் முழுப் படமும் தெளிவானது. 1024க்குக் கீழே உள்ள மெசேஜ் எண்கள் விண்டோஸின் சொந்த மெசேஜ்கள். எழுத்தை மாற்றும் மெசேஜ் அந்த வகை. அதில் இருப்பது எழுத்தின் முகவரி என்று விண்டோஸுக்குத் தெரியும், ஆகவே அதுவே எழுத்தை இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எடுத்துக்கொண்டுபோய் வைத்து, அந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிடுகிறது. 1024க்கு மேற்பட்டவை அந்தந்தக் கண்ட்ரோலின் சொந்த விவகாரம். 4098இல் வருவது முகவரியா, வெறும் எண்ணா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை. எடுத்துக்கொண்டு போகும் வேலையை நாமே செய்ய வேண்டும்.

செய்வது எப்படி? ஆரணியிலேயே ஓர் இடம் பிடித்து, கவரை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த இடத்தின் முகவரியைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் தேதிப் பெட்டியின் ஹேண்டிலை எடுத்து, அது எந்தப் புரோகிராமுக்குச் சொந்தம் என்ற பிராசஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஓப்பன்பிராசஸ் என்ற ஃபங்ஷனால் அந்தப் புரோகிராமின் கதவைத் திறக்க வேண்டும். எதற்காகத் திறக்கிறோம் என்று அனுமதி எண் கேட்கும்: மெமரியில் இடம் ஒதுக்க 8, படிக்க 16, எழுத 32, கூட்டினால் 56. அடுத்து விர்ச்சுவல்அலாக்எக்ஸ், இதுதான் அந்த ஊரில் இடம் பிடிப்பது. 16 பைட் கேட்டாலும் அது ஒரு முழுப் பக்கமாக 4096 பைட் கொடுக்கும், பரவாயில்லை. அது திருப்பித் தரும் முகவரியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ரைட்பிராசஸ்மெமரி கொண்டு நம் பதினாறு பைட்டை அங்கே எழுதுங்கள். இப்போது செண்ட்மெசேஜ்: எண் 4098, முதல் மதிப்பு 0, இரண்டாவது மதிப்பு அந்த ஊர் முகவரி. திரும்பி வரும் விடை பூஜ்யமாக இல்லாவிட்டால் தேதி ஏறிவிட்டது. பூஜ்யம் வந்தால், பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு வைத்திருக்கும் எல்லைக்கு வெளியே ஒரு நாளைக் கொடுத்திருப்பீர்கள். உதாரணமாக, நாளைய தேதியை ஏற்காத பெட்டி.

முடிந்ததும் விர்ச்சுவல்ஃப்ரீஎக்ஸ் கொண்டு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தவும் மறக்காதீர்கள். தினம் 18 பெட்டி, சாஃப்ட்வேரை மூடாமலே வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால், திருப்பாத பக்கங்கள் அங்கேயே சேர்ந்துகொண்டே போகும்.

இங்கே போஸ்ட்மெசேஜ் பயன்படுத்தக் கூடாது. செண்ட்மெசேஜ் மறுபக்கம் வேலை முடியும்வரை காத்திருக்கும், போஸ்ட்மெசேஜ் போட்டுவிட்டு வந்துவிடும். காத்திருக்காமல் இடத்தைக் காலி செய்துவிட்டால், கண்ட்ரோல் கவரைத் தேடி வரும்போது அங்கே மறுபடியும் காலி மனைதான்.

உங்கள் ஸ்கிரிப்ட் 64 பிட், அந்தச் சாஃப்ட்வேர் பழைய 32 பிட் என்றாலும் கவலை வேண்டாம். சிஸ்டம்டைமுக்குள் வெறும் எண்கள் மட்டும் இருப்பதால் இரண்டிலும் அதே 16 பைட். ஆட்டோஇட் பயன்படுத்துபவர்களுக்குத் தேதிக் கண்ட்ரோலுக்கென்றே தயார் ஃபங்ஷன்கள் கூடவே வருகின்றன, அதனால் இவ்வளவையும் கையால் எழுத வேண்டியிருக்காது. ஆனாலும் உள்ளே நடப்பது இதுதான் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், ஓடாதபோது எங்கே பார்ப்பது என்று தெரியும்.

தேதி மாறிவிட்டது, ரிப்போர்ட் மாறவில்லை

இரண்டாம் நாள் மாலை, பெட்டியில் தேதி டக்கென்று மாறியதைப் பார்த்து நானும் அக்காவும் சிரித்தே விட்டோம். ரிப்போர்ட் பட்டனை அழுத்தினோம். அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பொட்டில புதுத் தேதி கீது தம்பி, ரிப்போர்ட்டுல பழைய தேதிதான் கீது.”

நாம் கையால் தேதியை மாற்றும்போது கண்ட்ரோல் இரண்டு வேலை செய்கிறது. தன்னிடமுள்ள நாளை மாற்றிக்கொள்கிறது. கூடவே, தன்னைச் சுமந்திருக்கும் தாய் விண்டோவிடம் ‘தேதி மாறிவிட்டது’ என்று தகவல் சொல்கிறது. பல சாஃப்ட்வேர்கள் அந்தத் தகவல் வந்தவுடன் புதுத் தேதியைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும், ரிப்போர்ட் எடுக்கும்போது அந்தக் குறிப்பைத்தான் பார்க்கும். நாம் 4098 அனுப்பி மாற்றும்போது இந்தத் தகவல் போவதில்லை. பெட்டி மாறும், வீட்டுக்காரருக்குச் சேதி போகாது.

அந்தத் தகவலையும் நாமே தயாரித்து அனுப்பலாம்தான், ஆனால் அதிலும் ஒரு முகவரி விவகாரம் வரும். நான் கண்ட சுலப வழி இது: மெசேஜில் தேதியை ஏற்றிவிட்டு, அதே பெட்டியின் நாள் பகுதியில் மேல் அம்பு ஒரு தடவை, கீழ் அம்பு ஒரு தடவை அனுப்புங்கள். ஒன்று கூடி, ஒன்று குறைந்து, தேதி அதே இடத்துக்கு வந்துவிடும். ஆனால் கீபோர்டு வழியாக வந்த மாற்றம் என்பதால் கண்ட்ரோல் தாய் விண்டோவுக்குத் தகவல் சொல்லிவிடும். பெட்டி இன்றைய தேதியைத் தாண்ட விடாத வகை என்றால், கீழ் அம்பை முதலில் அனுப்புங்கள். மேலே போக இடமில்லாதபோது மேல் அம்பு வீணாகி, கீழ் அம்பு மட்டும் வேலை செய்து ஒருநாள் குறைந்துவிடும்.

காணாமல் போன இரவு

இதைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் இது யார் கண்ணிலும் சீக்கிரம் படாது. எல்லாம் ஓடத் தொடங்கிய நான்காம் நாள், ரிப்போர்ட்டில் வருகை எண்ணிக்கை குறைகிறது என்றார் அக்கா. நோட்டில் கையால் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ‘வரை’ பெட்டியில் போட்ட நாளில் வந்தவர்கள் ஒருவருமே ரிப்போர்ட்டில் இல்லை.

தேதிப் பெட்டி நாளை மட்டும் காட்டினாலும், உள்ளே மணி, நிமிடம், விநாடியும் இருக்கின்றன. மேலே எழுதிய எட்டு எண்களில் கடைசி நான்கையும் நான் பூஜ்யமாகப் போட்டிருந்தேன். பூஜ்யம் என்றால் நள்ளிரவு 12 மணி, அதாவது அந்த நாள் தொடங்கும் நொடி. சாஃப்ட்வேர் ‘அந்த நொடிவரை வந்தவர்கள்’ என்று தேடியது. அதற்குப் பிறகு, காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, அந்த நாள் முழுக்க வந்து ரூம் எடுத்த அத்தனை பேரும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள். ‘இருந்து’ பெட்டிக்கு 0, 0, 0 சரி. ‘வரை’ பெட்டிக்கு 23, 59, 59 போட்டேன். எண்ணிக்கை நோட்டோடு ஒத்துப்போனது.

புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்தால், குறைந்தது ஒரு வாரமாவது பழைய முறையில் எடுத்த கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது.

எங்கே இது ஓடாது

சாஃப்ட்வேரை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆக ஓட்டியிருந்தால், சாதாரணமாக ஓடும் ஸ்கிரிப்டின் மெசேஜை விண்டோஸ் தடுத்துவிடும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஸ்கிரிப்டையும் அதே உரிமையில் ஓட்ட வேண்டும். இன்னொரு புரோகிராமின் மெமரியில் எழுதுவது வைரஸ்களும் செய்யும் வேலை என்பதால் ஆன்டிவைரஸ் முறைக்கலாம். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் அதைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

விண்டோ ஸ்பையில் தேதிப் பெட்டிக்கென்று தனிக் கிளாஸ் பெயரே வராமல், முழுத் திரைக்கும் ஒரே பெயர் வந்தால், அது புதுக் காலத்து முறையில் கட்டியது. மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் என்ற முறையில் எழுதிய சாஃப்ட்வேர்களும், பிரவுசருக்குள் ஓடுபவையும் அப்படி. அங்கே பெட்டி தனி விண்டோ அல்ல, வரைந்த படம். மெசேஜ் அனுப்ப அங்கே ஆளே இல்லை. அவற்றுக்கு யூஐ ஆட்டோமேஷன் என்ற வேறு வாசல் இருக்கிறது.

அக்காவின் ஸ்கிரிப்ட் இப்போது 18 பெட்டிகளையும் நிரப்புகிறது. ஆனால் ரிப்போர்ட் பட்டனை அது தானாக அழுத்துவதில்லை. அதற்கு முன் 4097 அனுப்பி, ஒவ்வொரு பெட்டியும் உண்மையில் வைத்திருக்கும் நாளை அதே ஊர் முகவரியில் எழுதச் சொல்லி, ரீட்பிராசஸ்மெமரியால் படித்து, பெரிய எழுத்தில் காட்டிவிட்டு நிற்கும். அவர் பார்த்து ‘சரி’ அழுத்தினால்தான் மேலே போகும். இது அவர் கேட்டது.

போன வாரம் இன்னொன்றும் கேட்டார். “போன மாசம் முழுசுக்கும் ஒரே பட்டன் வைக்க முடியுமா தம்பி? பிப்ரவரி வந்தா எனக்கு 28ஆ 29ஆன்னு குழப்பம்.” முடியும். போன மாதத்தின் கடைசி நாளைத் தேட வேண்டியதே இல்லை. இந்த மாதம் 1ஆம் தேதியை எடுத்து, அதிலிருந்து ஒருநாளைக் கழித்தால் அது வந்துவிடும், 28ஓ 29ஓ 31ஓ எதுவானாலும். அந்தத் தேதியின் நாளை மட்டும் 1 ஆக்கினால் போன மாதத்தின் முதல் நாள். அது ‘இருந்து’ பெட்டிக்கு, முன்னது 23, 59, 59 சேர்த்து ‘வரை’ பெட்டிக்கு.